வளையம் இல்லாத லென்ஸ்

வவுனியா, பண்டாரிகுளம்.
போன் திருத்துகிற கடையின் பின்னறை.
மேசையில் துவாய் விரித்து
இரண்டு கமராக்களை வைத்தான் மரியநேசன்,
மாப்பிள்ளை பார்க்க வந்தவளுக்கு
இரண்டு பேரை ஒன்றாய் இருத்திக் காட்டுவதுபோல.

முதலாவது முழுக்க உலோகம்.
பற்றரி செத்தாலும் ஷட்டர் விழும்.
நெம்பை இழுத்தால்
புதுப் பூட்டில் திறப்புத் திரும்புகிற சத்தம்.
ஏழு தரம் இழுத்தேன், உள்ளே ரோல் இல்லாமலே.

இரண்டாவது கறுப்புப் பிளாஸ்ரிக்.
முதுகு ரப்பர் இளகிப்போய்
பிசுபிசுத்துக் கிடந்தது.
இதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
ஒருவரும் படத்துக்கு நிற்கமாட்டார்கள்.

என் பையில் முப்பத்தைந்து மில்லிமீற்றர் லென்ஸ்.
லீசிங்கில் எடுத்தது, இன்னும் ஐந்து தவணை.
நாற்பது கலியாணம், பதினொரு சாமத்தியவீடு,
காசு இன்னும் வந்துசேராத ஒரு பாராட்டு விழா
எல்லாம் அதற்குள்ளால்தான் போயின.
புது லென்ஸ். கழுத்தில் வளையம் கிடையாது.
எவ்வளவு திறக்கவேண்டும் என்று
கமராதான் அதற்குச் சொல்லவேண்டும்.

ஆசை விடவில்லை. உலோகத்தில்தான் முதலில் பூட்டினேன்.
கிளிக். பொருந்தியது.
கண்ணை வைத்தால் கடை முழுக்க வெளிச்சம்:
தொங்கும் சார்ஜர் வயர்கள், வெடித்த திரைகள்,
மரியநேசனின் மூக்கு நுனியில் வியர்வை.

"இப்ப பின்மூடியைத் திறந்துபோட்டு
அமத்திப் பாருங்கோ."

அமத்தினேன்.
அந்த ஒரு செக்கனுக்கு
துவாரம் ஊசித்துளையாய்ச் சுருங்கிப் போனது.
பார்க்கும்வரை அகலத் திறந்து வைத்திருந்து
பதிகிற நேரம் மூடிக்கொள்கிறது.
இப்படி ஆட்களை எனக்குத் தெரியும்.
காணிக் கந்தோரில் இருக்கிறார்கள்.
முகம் நிறையச் சிரிப்பு,
முத்திரை குத்துகிற இடத்தில் ஊசித்துளை.

பிளாஸ்ரிக்கில் மாட்டினேன்.
உள்ளே சின்ன மோட்டார் ஒன்று முனகி
மரியநேசனின் இமைமயிரை
ஒவ்வொன்றாய்ப் பிரித்துக் காட்டியது.
பின்மூடி திறந்து அமத்தினால்
சொன்ன அளவுக்குத் திறந்தது, சொன்ன அளவுக்கு மூடியது.
வடிவில்லாதவன்தான். ஆனால் இவனுக்கு
என் லென்ஸின் பாஷை தெரிந்திருந்தது.

கேட்பதில்லை என்று நினைத்திருந்தேன். கேட்டுவிட்டேன்:
"இதுக்குள்ள பழைய ரோல் ஏதும்..."

முடிக்க விடவில்லை.
"ஒண்டும் இல்லை அக்கா.
ரெண்டும் யப்பானிலயிருந்து எடுப்பிச்சது.
கிளிநொச்சிப் பக்கத்தால வாற ஆக்கள் எல்லாரும்
இதைத்தான் கேக்கினம்."

பதினேழு வயதுக்கு முந்திய நான்
எந்தப் படத்திலும் இல்லை.
இதை அவனுக்குச் சொல்லவேண்டிய தேவையும் இல்லை.
விலை கேட்டேன்.

இருபத்தோராயிரம். ரோல் வேறு.
குண்டுப் பற்றரி இரண்டு, கிளிநொச்சியில் கிடையாது.
கழுவ கொழும்புக்கு அனுப்பவேண்டும்.
உலோகத்தை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு
துவாயிலேயே வைத்தேன்.

மாங்குளத்தில் பஸ் பத்து நிமிடம் நின்றது.
ஒரு பெண் சுண்டால் அளந்து
பாலைப்பழம் விற்றுக்கொண்டிருந்தாள்.
ஒரு சுண்டு வாங்கி, பாதியைத் தின்று,
உதடு ஒட்டத் தொடங்கிய பிறகுதான்
கமராவை எடுத்தேன்.
கண்டதும் அவள் சுண்டைக் கவிழ்க்காமல்
கையை அந்தரத்தில் நிறுத்தி வைத்தாள்.
அடுத்து நின்ற பெடியன்
பையை விரித்தபடி காத்திருந்தான்.

"எடுத்திட்டியளோ? காட்டுங்கோ."

பழக்கத்தில் நானும் திருப்பிப் பிடித்தேன்.
ரப்பர் முதுகில்
என் பெருவிரல் ரேகை மட்டும்
பழத்தின் பாலோடு பதிந்திருந்தது.

அவள் குனிந்து
நேரமெடுத்துப் பார்த்தாள்.
"வடிவாத்தான் வந்திருக்கு" என்றாள்.
பஸ் ஹோர்ன் அடித்தது.