அளவுத் துணி

எலாஸ்டிக் தீர்ந்துபோய் ஒன்பது நாள்.
பர்கூர் ஜவுளிக்கடையில்
பாதி தூக்கிய ஷட்டருக்கடியில் குனிந்து போய்
பாவாடை நாடா இரண்டு கட்டு வாங்கி வந்தேன்.
என்ன விலை என்றால்
போலீஸ் வருது, சீக்கிரம் என்கிறார் கடைக்காரர்.

துணிக்குப் பஞ்சமில்லை.
திறக்காத பள்ளிக்கூடத்துக்கு வெட்டிவைத்த
அரக்கு நிறச் சீருடை கிடக்கிறது.
ஆறாம் வகுப்புப் பாவாடை ஒன்றில்
பதினோரு வாய் மூடலாம்.

மூக்குக்குக் கம்பி வேண்டும்.
எரிந்துபோன மோட்டார் காயிலைப் பிரித்தேன்.
முனையை மடக்காமல் விட்டால்
கண்ணுக்குக் கீழே குத்தும்.
முதல் நாள் என் கன்னத்திலேயே தெரிந்துகொண்டது.

சாலம்மா, அளவு எங்க புடிச்சே?
போன்ல பார்த்துப் போட்டியா?

பட்டன் டப்பாவின் அடியில் இருந்தது.
பதினான்கு வருஷமாக.
வெள்ளைப் பாப்ளின், உள்ளே ஜாக்கெட் லைனிங்.
ஜெகதேவிப் பக்கம் பாலிஷ் ஷெட்டில்
ரம்பத்துக்கு எதிரே நின்றவருக்கு
கம்பெனி கொடுக்காததை நான் தைத்தேன்.
தூங்கும்போது அளந்தேன்,
மூக்குத் தண்டிலிருந்து தாடைக்குக் கீழ் வரை.
இஞ்ச் டேப் மீசையில் பட்டுப்
புரண்டு படுத்தார்.

ஒரே ஒரு ஷிப்ட் கட்டினார்.
‘பொண்டாட்டி பாவாடைய மூஞ்சில சுத்திக்கிட்டு வந்துட்டான்டா சென்னப்பன்!’
திம்மராயன்தான் ஆரம்பித்தது.
ஷெட்டே சிரித்ததாம்.
சாயங்காலம் காலித் தூக்குக்குள் சுருட்டிக் கொண்டுவந்தார்.
அவரும் துவைக்கவில்லை.
நானும் துவைக்கவில்லை, கோபத்தில்.

போன மாதம் அதன் தையலைப் பிரித்தேன்.
மடிப்புக்குள்ளிருந்து
மெஷின் பலகையில் மாவுபோல் கொட்டியது
ஒரு ஷிப்டுக் கல்.
ஊதவில்லை.
ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன்.
பழைய தினசரி மேல் அதை விரித்து
சுற்றிலும் பென்சில் ஓட்டினேன்,
தையலுக்குக் கால் இஞ்ச் விட்டு.

ஆக, ரேஷன் வரிசையில்,
பால் சொசைட்டியில்,
மருந்துக் கடைக்கு முன் போட்ட வட்டங்களில்,
எல்லார் முகத்திலும்
முப்பத்தொரு வயதுச் சென்னப்பனின் தாடை.
தொளதொளன்னு இருக்கே என்கிறார்கள் சிலர்.
இருக்கும்தான்.
அவருக்கே இப்போது அது தொளதொள.

நேற்றுத் திம்மராயன் வந்தான்.
இருமல்காரர் வீடு என்று
வாசற்கல்லுக்கு அப்பாலேயே நின்றுகொண்டு
நாலு வேணும் என்றான்.
பாவாடைத் துணிதான், பரவாயில்லையா?
‘எதுவா இருந்தா என்ன சாலம்மா,
உசுருதானே முக்கியம்.’
கண்ணைப் பார்த்தேன். ஒன்றும் நினைவில்லை அவனுக்கு.
ஒன்று பதினைந்து ரூபாய்.
அவனிடம் இருபது சொன்னேன்.
பேரம் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனான்.
சண்டை போட்டிருக்கலாம் அவன்.

இது அந்த நோய் இல்லை, கல் என்று
மூன்று வீட்டுக்குச் சொல்லியாயிற்று.
நர்ஸம்மா கொடுத்த தாளையும் காட்டியாயிற்று.
இருந்தும் இவர் இருமினால்
எதிர்வீட்டு ஜன்னல்
பதில் சொல்வதுபோல் சாத்திக்கொள்கிறது.
இவருக்கென்று நாலு மடிப்பில் ஒன்று தைத்தேன்.
சத்தம் வெளியே போகாமல் இருக்கட்டும் என்றுதான்,
பொய் எதற்கு.
மூச்சு முட்டுது என்று கழற்றித்
தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்.

விடிவதற்குள் நாற்பது தைக்க வேண்டும்,
பஞ்சாயத்துத் துப்புரவுக்காரர்களுக்கு.
வேகமாக மிதிக்கிறேன்.
மெஷின் சத்தம்தான் தெருவுக்குக் கேட்க வேண்டும்.
ஒவ்வொன்றும் முடிந்து
நூலைப் பல்லில் கடிக்கையில்
சக்கரம் நிற்கிறது.
அந்த நேரம் பார்த்துத்தான்
இவருக்கு வருகிறது.