நாள் வாடகை

தோட்டப்பாளையத்துச் சந்தில்
பூங்காவனம் அடுப்பு வாடகைக்கு விடுகிறாள்.
ஒத்தை பர்னர், சின்ன சிலிண்டர்,
ரெண்டு குண்டான், ஒரு கரண்டி.
நாளுக்கு எழுபது. அட்வான்ஸ் ஐநூறு.

லாட்ஜ் பெருக்கிய காலத்தில்
வங்காளத்து நோயாளிகளின் குப்பைக்கூடையில்
முடிச்சவிழாத சாம்பார் பொட்டலங்களைப்
பார்த்துப் பார்த்து வந்த யோசனை.
குழுக் கடனில் முதல் நாலு அடுப்பு,
இப்போது முப்பத்தொன்று.
கடுகெண்ணெய் வாடைக்கு இன்னும் தலை வலிக்கும்.
அதையும் அரை லிட்டராக விற்கிறாள்.

"கொதோ தின்?"
எத்தனை நாள்?
அந்த பாஷையில் அவள் முதலில் கற்ற கேள்வி.

பத்து நாளென்று கட்டிப்போனவர்
ஆறாம் நாளே அடுப்போடு நிற்கிறார்.
குண்டானில் அடிக்கரிகூட இல்லை,
அப்படித் தேய்த்திருக்கிறார்.
கூட வந்த பெண் எங்கே என்று
அவர் பாஷையில் கேட்கத் தெரியும்.
கேட்கவில்லை.

அட்வான்ஸ் ஐநூறு,
நாலு நாள் வாடகை இருநூற்றெண்பது,
எண்ணிக் கொடுத்தாள்.
"காட்பாடிக்கு ஆட்டோ வேணாம், பஸ்ஸுல போங்க"
தமிழிலேயே சொன்னாள். தலையாட்டினார்.

போனபின்தான் தெரிந்தது, கரண்டி இல்லை.
செவ்வாய்க்கிழமை தவணை.
'கரண்டி ஒன்று' என எழுதப் போனவள்
பேனாவை மூடினாள்.

வாசலில் அடுத்த ஆட்கள், பெட்டிகளோடு.
இருங்க என்று கைகாட்டிவிட்டு
குண்டானை வெயிலில் கவிழ்த்தாள்,
இன்னும் ஈரம்.