பதினேழு

ஈரமானி பதினேழு காட்டினால் அது நெல்.
அதற்கு மேல் காட்டினாலும் நெல்தான்,
அரசாங்கத்துக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கைப்பிடி அள்ளிக் கிண்ணத்தில் போட்டு
மூடியை எவ்வளவு இறுக்கினால் எந்த எண் வரும்
என்பதை முதல் வாரத்திலேயே
என் விரல்கள் படித்துக்கொண்டன.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே,
முள்ளியாற்றங்கரையில் தகரக் கொட்டகை.
தை இருபது.
போக மறந்த மேகம் வேதாரண்யம் பக்கம் நிற்கிறது.
சம்பா முழுக்க ரோட்டில் கிடக்கிறது,
ஒரு பாதியில் வண்டிகள்
மறு பாதியில் நெல்.

மூட்டைக்கு நாற்பத்தைந்து.
போர்டில் எழுதியிருக்காது. யாரும் கேட்கவும் மாட்டோம்.
டவுன் பஸ் டிக்கெட் மாதிரி
மடியில் சரியாக எண்ணி வைத்திருப்பார்கள்.

கல்லணையில் திறந்த தண்ணீர்
இங்கே கடைமடைக்கு வந்து சேர
இருபது நாளாகும். வராமலும் போகும்.
மதகுக்கு மதகு நின்று
முறை வைத்து, மண்டை உடைந்து.
இந்தக் காசு அப்படியில்லை.
கடைமடையில் கிளம்பி
ஒரு ஷட்டரிலும் தேங்காமல்
ஒரே ராத்திரியில் மேலே ஏறிவிடும்.
மேலே என்றால் நான் கண்டது
வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரும் ஒரு பைக்,
கழற்றாத ஹெல்மெட்.
அதற்கும் மேலே ஒரு மேலே இருக்கிறதாம்.

என்னிடம் தங்குவது ஏழு ரூபாய்.
இந்தப் பருவகால வேலைக்கு
அக்காவின் தாலிக்கொடி அடகில் இருக்கிறது.
ஏழு ஏழாக மீட்கிறேன்.
இதை நியாயத்துக்குச் சொல்லவில்லை,
கணக்குக்குச் சொல்கிறேன்.

நாகூரம்மாவின் டோக்கன் நூற்றுப்பன்னிரண்டு.
கோயில் நிலம், ஒரு ஏக்கர், குத்தகை.
அடங்கலுக்கு வி.ஏ.ஓ. ஆபீசில்
ஏற்கெனவே ஐந்நூறு அழுதாயிற்று.
ஒன்பது ராத்திரி படுதா ஓரத்தில் படுத்திருந்தாள்,
அடியில் இருந்த நெல் முளை கட்டியிருந்தது.

கிண்ணத்தை இறுக்கினேன்.
பத்தொன்பது புள்ளி நான்கு.

சிவக்கொழுந்து அண்ணன் தான் போய்ப் பேசினார்.
அவள் தெருக்காரர். மூட்டை தூக்குபவர்.
கார்ப்பரேஷன் கூலி மூன்று மாதமாக வராதவர்.
அவளிடமிருந்து வாங்கித்தான்
அவர் வீட்டில் அரிசி.

ஐம்பத்தெட்டு மூட்டை.
இரண்டாயிரத்து அறுநூற்றுப் பத்து.
எண்ணிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:
"ரசீது?"

அம்மா, இதற்கெல்லாம் ரசீது கிடையாது.

"குழுவில் கடன் வாங்கின பணம் தம்பி.
புதன்கிழமை கணக்குக் காட்டணும்.
எதுக்குச் செலவுன்னு சீட்டு இல்லாட்டி
தலைவி அடுத்த லோன் தரமாட்டா."

நான் ஈரமானியைத் துடைத்தேன்.
துடைத்ததையே துடைத்தேன்.

பின்னால் வரிசை கத்தியது,
என்னைப் பார்த்து அல்ல.
"குடுத்துட்டு நகரும்மா, மழை வருது!
உன் ஒருத்தியால எல்லார் நெல்லும் நனையணுமா?"
ஒவ்வொருவர் மடியிலும்
எண்ணி வைத்த நாற்பத்தைந்துகள்.
எங்கள் நிலையத்தில் போலீஸ் இல்லை.
மேகம் போதும்.

மறுபடி இறுக்கினேன். பதினாறு புள்ளி எட்டு.
நெல் ஒரு நிமிடத்தில் காய்ந்துவிட்டது.
நாற்பது கிலோ மூட்டைகள்
நாற்பத்தொன்று நாற்பத்தொன்றாகத் தராசு ஏறின.
அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

பில்லில் கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.
படித்தாள். திருப்பிப் பார்த்தாள்.
"நான் கொடுத்தது இதுல இல்லையே."

பிறகு கட்டைப்பையிலிருந்து
மகனோ மகளோ பாதி எழுதி விட்ட
நாற்பது பக்க நோட்டை எடுத்தாள்.
சாக்கு மேல் வைத்து, பேனாவை உதறி,
தேதி எழுதினாள்.
ஊர் எழுதினாள்.
மூட்டை எத்தனை, தலைக்கு எவ்வளவு.
எழுத்து ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல்,
முதல் தூறல் தாளில் விழுந்தபோது
முந்தானையால் ஒற்றிவிட்டு.

"உங்க பேரு தம்பி?"

சொல்லாமல் இருந்திருக்கலாம்.
இளவழகன், என்றேன்.

பேனா நின்றது.
வரிசையும் ஒரு கணம் நின்றது.
"இதுல எந்த ள வரும்?
பள்ளத்துக்குப் போடுறதா,
மழைக்குப் போடுறதா?"

முதல்ல பள்ளம் என்றேன்.
அப்புறம் மழை.