பங்கு

வத்தையை விற்றாயிற்று.
வலை எடைக்குப் போயிற்று.
எஞ்சினுக்கான கணக்கை ஊர்க்கூட்டம் தீர்த்துவிட்டது.
மிச்சம் இந்தத் தண்டவாளம்,
வேதாளைக் கரை மணலில், பதினெட்டு அடி.
ஏலத்தில் எடுத்த பழைய சின்னப்பாதை இரும்பு,
வத்தையை இழுத்தேற்றச் சறுக்காகக் கிடந்தது.

கேஸ் வெட்டுக்காரர்
உச்சிப்புளியிலிருந்து வர ஆயிரத்து இருநூறு கேட்டார்.
ஆளுக்கு அறுநூறு என்று பேசி முடிக்க
நானும் இபுறாம்சாவும்
பேசிக்கொண்டால்தானே.

ரம்பத்தில் ஆரம்பித்தான்.
நாலு பிளேடு ஒடிந்தும்
தலையில் ஒரு நகக்கண் ஆழம்தான்.
எத்தனை சக்கரம் ஏறி இறுக்கியதோ.
பிறகு வெட்டுளி.
அதற்கு ஆள் இரண்டு வேண்டும்.

எட்டு மாதமாய் என் முகம் பாராதவன்
சாக்கட்டிக் கோட்டில் உளியை ஊன்றி
என் சம்மட்டிக்கு அடியில்
மணிக்கட்டை வைத்தான்.
இரண்டு விரல் தப்பினால் போதும்.
தப்பவில்லை.
நல்ல மனசு என்று சொல்லமாட்டேன்,
உளித்தலையைப் பார்க்கிறவனுக்கு
வேறெதையும் பார்க்க வராது.

பிறகு நான் பிடித்தேன், அவன் அடித்தான்.
முதல் அடிக்குக் கண்ணை மூடிவிட்டேன்.
மூடியதை அவன் பார்த்துவிட்டான்.

கச்சான் காற்று மணலைத் தூற்றியது.
வெட்டில் விழுந்ததை ஊதி ஊதி
எண்ணெய் விட்டு
தலை, இடுப்பு, பாதம் என்று
சுற்றிலும் ஒரு காயம்.
இடுப்பில் புடைத்த எழுத்து 1913.
ஒன்பதுக்கும் ஒன்றுக்கும் நடுவில் எங்கள் கோடு.

தூண்டில் வளைவுக்குக் கொட்டி மிஞ்சிய கருங்கல்லை
வெட்டுக்கு நேர் கீழே உருட்டி வைத்தோம்.
ஒரு முனையை இருவருமாய்த் தூக்கினோம்,
நெஞ்சு வரை, தோள் வரை.
உப்புத் துரு கழுத்தில் உதிர்ந்தது.
அவன் வேர்வை என் கையில்.

"விடு" என்றான்.

எட்டு மாதத்தில் முதல் வார்த்தை.
எதை என்று கேட்க நேரமில்லை,
விட்டேன்.

மூன்றாவது தடவை முறிந்தது.
சத்தத்தில் உடைமரத்துக் காக்கை எல்லாம் எழுந்து போயின.
கோட்டில் முறியவில்லை.
ஒன்றையும் சேர்த்து என் பக்கம் இழுத்துக்கொண்டு
சாய்வாய்ப் போயிருந்தது.
அவனுக்கு மூன்று மட்டும்.
மேலெல்லாம் உப்பு தின்ற சிவப்பு,
முறிந்த முகம் மட்டும்
உடைத்த பனங்கற்கண்டு போல
பொடிப்பொடியாய் மின்னியது.
கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது.

என் துண்டு அரைச் சாண் கூடுதல்.
அளக்கலாம்.
டேப் அவன் மடியில்தான் இருந்தது.
அவன் எடுக்கவில்லை,
நானும் கேட்கவில்லை.

மீன்பாடி வண்டியைக் கொண்டுவந்து
தன் துண்டின் ஒரு முனையில் குனிந்து நின்றான்,
குனிந்தபடியே நின்றான்.

ஏற்றவும் ஆள் இரண்டு வேண்டும்.