மூன்று மில்லி

காலை ஆறரைக்கே வரிசை நிற்கிறது,
சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியபடி
இக்காமா புதுப்பிக்க வந்தவர்கள்.
கையை இறுக்கி மூடுங்கள், என்கிறேன்,
இந்தியில், அரபியில்,
எனக்குத் தெரிந்த நாலு வார்த்தை வங்காளத்தில்.
மூன்று மில்லி.
அடுத்தவர்.
ஒரு நாளைக்கு நூற்றியெண்பது பேரிடம்
இரத்தம் எடுக்கிறவள் நான்.
என் மகள் வாசிப்பது
இரத்தம் குடிக்கிறவனின் காதல் கதை.

குவைத், சால்மியா, நாலாவது மாடி.
ஜூலை. ஐம்பது டிகிரி.
வெயில் வராமலிருக்க ஜன்னல் முழுக்க
அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறோம்.
அந்த இருட்டில் கட்டிலில் குப்புறப் படுத்து
பகலெல்லாம் அபிஷா.
சூரியன் பட்டால் அவன் கருகிப்போவானாம்.
இதில் என்னடி அதிசயம், என்றேன்,
சைட்டிலிருந்து வரும்போது உங்கப்பாவைப் பார்.
அவள் சிரிக்கவில்லை.
பக்கத்தைப் புரட்டினாள்.

மொத்தம் ஐந்து பாகம்.
எட்டாம் நம்பர் ஸ்கூல் பஸ்ஸில் கைமாறி வருகின்றன,
வேதியியல் கைடின் அட்டைக்குள்.
மூன்றாம் பாகம் ரினோஷா வீட்டில் மாட்டிக்கொண்டதால்
நாலாம் பாகத்தை முதலில் முடித்துவிட்டு
இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.
செத்துப்போனது யார் என்று கேட்டேன்.
யாரும் சாகல, அதுதாம்மா பிரச்சினை, என்றாள்.

அப்படி என்னதான் இருக்கிறதென்று பார்க்க எடுத்தேன்.
தாய்க்குக் கடமை இருக்கிறதல்லவா.
இரவு ஷிப்டுக்கு அவர் போன பிறகு
குளியலறை விளக்கில்,
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து.
தப்பாக எதுவும் இல்லை.
கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது,
ஒப்புக்கொள்கிறேன்.

கழுத்தில் கடிக்கிறார்கள்.
கழுத்தில் யாராவது எடுப்பார்களா?
முழங்கை மடிப்பில் எத்தனை நல்ல நரம்பு இருக்க!
எழுதியவருக்கு ஆஸ்பத்திரி தெரியாது.

ஆனால் முந்நூறு வயதுக்காரன் ஒருவன்,
எப்போதும் மழை பெய்கிற ஊரில்
கடிகாரம் பழுதுபார்க்கிறவன்,
அவள் வீட்டு வாசலில் நிற்கிறான்.
வா என்று அவள் வாயால் சொல்லாமல்
உள்ளே கால் வைக்க அவனால் ஆகாது.
நனைந்துகொண்டு நிற்கிறான்.
பசி வேறு.
பதினோரு பக்கம் நிற்கிறான்.

என்னைப் பார்க்க வந்தவர்கள்
செருப்பைக் கழற்றிவிட்டு
நேராக உள்ளே வந்தார்கள்.

மணி இரண்டாகிவிட்டது. ஏசி தண்ணீர் சொட்டியது.
பன்னிரண்டாம் பக்கத்துக்கு அவசரமில்லை எனக்கு.
முந்நூறு வருஷம் ஒரே ஊரில் இருக்கிறான்,
எக்ஸ்பயரி எப்போ என்று ஒருவர் கேட்கவில்லை.
அடுத்த ஏப்ரலில் பிளஸ் டூ முடிகிறது.
நாகர்கோவிலில் ஹாஸ்டல் பார்த்தாயிற்று.
நாங்கள் எதையும் அபிஷாவிடம் கேட்கவில்லை.
சொன்னோம்.

போன செவ்வாய்க்கிழமை வரிசையில் அவளும் நின்றாள்.
இந்த முறை புதுப்பிக்க அவளுக்கும் பரிசோதனை.
மூன்றாம் கவுண்டரில் பிலிப்பைன்ஸ் பெண் கூப்பிட்டும் போகாமல்
என் நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்தாள்.
ஐந்து பாகம் இரத்தத்தைக் கரைத்துக் குடித்தவள்
ஊசியைக் கண்டதும்
முகத்தைச் சுவருக்குத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.
மேற்கையில் பட்டையைக் கட்டினேன்.
பச்சையாய், மெல்லியதாய், ஒரு நரம்பு எழுந்து வந்தது.
ஸ்பிரிட் பஞ்சு கையில் காய்ந்துகொண்டிருந்தது.

பத்தொன்பது வருஷத்தில் யாரிடமும் கேட்டதில்லை,
எடுக்கட்டுமா, என்றேன்.

ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.
"நாலாம் பாகத்துல பக்கத்தை மடக்கி வெச்சது
நீதானே?"

பின்னால் நின்றவர்
சட்டைக் கையைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார்.