பதினெட்டு நொடி

குண்டடம் தாண்டி, பி.ஏ.பி. வாய்க்கால் மேட்டில்
மூன்று நாட்டு வண்டிகள் மூக்கோடு மூக்கு நிற்கின்றன.
நடுவே ஒரு மடக்கு மேசை,
மேசைமேல் சாம்பல் நிறப் பெட்டி.
ஒருவர் ரேடியோ சொல்வதை வாங்கி
அடுத்தவர் ரேடியோவுக்குப் புரியும்படி கொடுக்கவேண்டிய பெட்டி.
சாயங்காலத்திலிருந்து ஊமை.

பிரெஞ்சுக்காரர்களின் ஆன்டெனா தூண்டிலாய் வளைகிறது.
கசாக்கியர்களுடையது முளைக்குச்சி மாதிரி, அசையவில்லை.
நம்முடையதை இரண்டு தரம் சாய்த்துவிட்டது
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று.
ஆடி மாதத்தில் அது யார் கொடியென்று பார்க்காது.

சுற்றிலும் காற்றாலைகள்.
ஒவ்வொரு இறக்கை குறுக்கே வரும்போதும்
அலை கொஞ்சம் நசுங்குகிறது.
முதலில் அதைச் சந்தேகப்பட்டோம்.
பிறகு கேபிளை.
பிறகு, வாய்விட்டுச் சொல்லாமல், ஒருவரையொருவர்.

"சாவி எண்ணைச் சரியாகத்தான் ஏற்றினீர்களா?"
எலோடி கேட்டது எனக்குச் சுருக்கென்றது.
நான் யெர்லானைப் பார்த்தேன்.
யெர்லான் எழுந்துபோய்த் தன் வண்டிக் கதவைச் சாத்தினான்.
உள்ளே இன்னும் ஆறு பெட்டிகள் உண்டு.
நாங்கள் பார்க்கக் கூடாதவை.
என் வண்டியிலும் உண்டு.
ஒரே ஒரு வாசலைப் பொதுவில் வைக்க
எத்தனை தாழ்ப்பாள் வேண்டியிருக்கிறது.

எங்கள் பேச்சு ஓர் அலைவரிசையில் நிற்காது.
நொடிக்கு நூறு தடவை தாவும்,
ஒட்டுக்கேட்பவன் காது எட்டுவதற்குள்.
தாவும் வரிசை மூவருக்கும் தெரியும்.
ஒரே தாளைத்தான் பிரித்துக்கொண்டோம்.
இருந்தும் ஒருவர் இறங்குமிடத்தில்
இன்னொருவர் இல்லை.

பத்து மணிக்கு ஏதோ நூல் மில்லில் சங்கு ஊதியது,
ஷிப்ட் விடுகிற சங்கு.
பழக்கதோஷம், மூவரும் குனிந்து
அவரவர் பெட்டியில் மணி பார்த்தோம்.
பத்து என்றேன்.
எலோடியும் பத்து என்றாள்.
யெர்லான் இரண்டு கைகளையும் விரித்தான்.
மறுபடி விரித்தான்.
பிறகு எட்டு விரல்.

அட.

பூமி சுற்றுவதில் கொஞ்சம் சோம்பல்காரி.
அவள் வந்து சேரட்டுமென்று
கடிகாரத்தில் அவ்வப்போது ஒரு நொடி கூட்டிக்கொள்வோம்.
மேலே சுற்றும் செயற்கைக்கோள்கள் காத்திருப்பதில்லை.
அப்படிச் சேர்ந்த பாக்கி பதினெட்டு.
யெர்லானின் பெட்டி வானத்து மணியில்,
நாங்கள் இருவரும் தரை மணியில்.
நான் "இப்போது" என்று அழுத்திய போதெல்லாம்
அவன் அதைத் தாண்டிப் போயிருந்தான்.
அதற்குள் எவ்வளவு கெட்டதாய் நினைத்துவிட்டேன் அவனை.

மெனுவுக்குள் மெனு, அதற்குள் ஒரு குறி.
அவன் அதை எடுத்தான்.
இரைச்சல் சட்டென்று மெலிந்தது.
மூன்று நாட்டைத் தாண்டி முதலில் வந்தது ஓர் இருமல்.
ஊத்துக்குளி மேட்டிலிருந்த எங்கள் சிப்பாய் பழனிவேல்,
அழைப்புக்குறி, முறை எல்லாம் மறந்து,
"ஏனுங்க, கேக்குதுங்களா?"

எலோடி பொருள் கேட்டாள்.
கேட்கிறதா என்கிறான் என்றேன்.
அந்த 'ங்க'வை என்ன செய்வது?
பெட்டி அதை அப்படியே கொண்டுவந்துவிட்டது,
என்னால்தான் கொண்டுபோக முடியவில்லை.
யெர்லானின் ஆள் அந்தப் பக்கமிருந்து
"கேக்குதுங்களா" என்றே திருப்பிச் சொன்னான்.
அதுவே அன்றைய பரிசோதனைச் சொல்லாகிவிட்டது.

நான்காம் நாள் காலை
இரண்டு பொத்தான்களைச் சேர்த்து ஐந்து நொடி பிடித்தோம்.
பொதுச் சாவி அழிந்ததென்று பச்சை விளக்கு எரிந்தது.
கை குலுக்கினோம். கதவுகள் சாத்தின.
ஒன்று தாராபுரம் பக்கம், ஒன்று பல்லடம் பக்கம்,
கடைசியாய் எங்களுடையது கிளம்பும்போது
ஜெனரேட்டர் வாடகைக்கு விட்ட செல்லமுத்து
டீசல் பில்லோடு ஓடி வந்தார்.
"மூணாப் பிரிச்சாப் பைசாக் கணக்கு இடிக்குதுங்க.
ஒண்ணாவே போட்டரட்டுங்களா?"

இரண்டு பக்கமும் பார்த்தேன்.
புழுதிதான்.
யாரைக் கேட்பது?