எங்கே போட்டால் நல்லது

முரோரான் நகராட்சி, மூன்றாம் மாடி,
பெரிய குப்பைகளுக்கான தொலைபேசி.
காலை ஒன்பது மணியிலிருந்து என் காதுக்குள்
இந்த ஊரின் அலமாரிகள் திறக்கின்றன.

யாரும் 'எங்கே போடுவது' என்று கேட்பதில்லை.
'மன்னிக்கணும், ஆனால்...' என்று தொடங்கி
அந்த ஆனால்மேல் கொஞ்ச நேரம் நிற்பார்கள்,
உறைந்த படியில் கால் வைத்துப் பார்ப்பதுபோல.
பிறகுதான் வரும்:
எங்கே போட்டால் நல்லது?
பணிவு கூடியவர்களுக்கு இன்னும் நீளும்:
எங்கே போட்டால் நல்லதாயிருக்குமோ?
சிலர் குனிவதுகூடக் கேட்கும்.
குரல் மேசைவரைக்கும் இறங்கிப் போய்
ஏறி வரும்.

சுதெதரா. போட்டால்.
மெத்தை இன்னும் மாடியில்தான் கிடக்கிறது.
வினை மட்டும் அதைப் போட்டுவிட்டு,
இறந்தகாலத்தில் ஒரு காலை ஊன்றி,
அங்கிருந்து திரும்பிப் பார்த்துக்
கேட்கிறது என்னை:
சரிதானே?

பௌலிங் பந்து: எடுக்க மாட்டோம்.
தீயணைப்பான்: விற்ற கடையில் கேளுங்கள்.
கோல்ஃப் மட்டைகள், இடக்கைக்கானவை, ஒரு பை:
கணவரிடம் சொல்லாமல் போட்டால் நல்லதா
என்று கேட்டார் ஓர் அம்மாள்.
ஸ்டிக்கரில் பெயர் எழுதணும் என்றேன்.
யார் பெயரை, என்றார்.

கப்பல் பட்டறைக்குப் புதிதாக வந்த
வியட்நாம் பையன் ஒருவன்
வாக்கியத்தை ஒத்திகை பார்த்து வந்திருந்தான்.
ஒரே மூச்சு. நான் பதில் சொன்னதும்
மறுபடியும் முதலிலிருந்து அதே மூச்சு.
மூன்றாம் முறை மெதுவாகச் சொன்னேன்: செவ்வாய்.
'செவ்வாய் போட்டால் நல்லது,' என்றான்.
கேள்விக்குறி எங்கோ விழுந்திருந்தது.
அதை எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நவம்பர் கடைசி வெள்ளி.
மழையா பனியா என்று முடிவாகாத ஏதோ ஒன்று பெய்து
உருக்காலைப் புகைபோக்கி பாதிக்குமேல் இல்லை.
அபுராதானி என்று பெயர் சொன்னார்.
'மன்னிக்கணும், ஆனால்...
என்ன செய்தால் நல்லதாயிருக்குமோ?'

பொருள் என்ன என்று கேட்டேன். விதி அப்படி.
கையேட்டில் ஆயிரத்து நூற்று நாற்பது பொருள்கள்,
இஸ்திரிப் பெட்டியில் தொடங்கும்.

பொருள் ஒன்றும் இல்லை என்றார்.
நேற்று உங்கள் லாரி வந்தது.
எல்லாவற்றையும் சரியாக எடுத்துப் போனார்கள்.
சோபாவை வாசலில் இடிக்காமல்கூட.
மிகவும் நன்றி.

பலகையில் காத்திருக்கும் அழைப்புகள் ஆறு.
அவர் சொன்ன நன்றி
திரைச்சீலையும் இல்லாத ஓர் அறையில்
இரண்டு தடவை கேட்டது.

என்னிடம் இருந்தது அவருடைய வாக்கியம் மட்டும்.
அதன் வாலை நறுக்கினேன்:
'ஏதாவது சாப்பிட்டால் நல்லது.'

'சரி' என்றார்.
மூச்சு விடுவது கேட்டது.
'மன்னிக்கணும், ஆனால்...
என்ன சாப்பிட்டால் நல்லதாயிருக்குமோ?'

போகோய் ஸ்டேஷனுக்குப் பின்னால்
நீலத் துணி தொங்கும் கடை. கறி ராமென்.
எட்டு மணிக்குச் சாத்திவிடுவார்கள்.
காகிதத்தில் பென்சில் ஓடியது.
'எட்டு மணி' என்று திருப்பிச் சொன்னார்.
அதற்கும் ஸ்டிக்கர் வாங்கணுமா என்றார்.
சிரித்தாரா, தெரியவில்லை.
நான் 'வேண்டாம்' என்றுதான் சொன்னேன்,
அலுவலகக் குரலில்.

ஐந்தரை மணிக்குப் படிவங்களை அடுக்கினேன்.
ஒன்றில் 'பொருள்' என்ற கட்டம் காலி.
மேலாளர் ஹோஸுமி அதன்மேல் விரலை வைத்தார்.
ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்ததை
முதல்முறையாக நான் கேட்டேன்:
'இதில் என்ன எழுதினால் நல்லது?'

அவர் பேனா மூடியைக் கழற்றினார்.
திரும்ப மாட்டினார்.
ஜன்னல் பக்கம் பார்த்தார்,
அங்கே புகைபோக்கி முழுக்கவே போயிருந்தது.

'எட்டு மணிக்கா சாத்துகிறார்கள்?' என்றார்.